எங்கள் டொமைனுக்கு வந்த ஒரு பெயர்

இந்த மாதிரிக் கதைகளை நான் நம்புகிறவள் இல்லை. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் வேலை, எது கெட்டாலும் காரணம் தேடித்தான் பழக்கம். நீங்கள் என்னென்ன கேட்பீர்கள் என்பதும் தெரியும், எல்லாவற்றையும் நானே என்னைக் கேட்டுவிட்டேன்.

இணையத்துக்குத் தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்த காலம். கல்யாணமாகி காஜா பெராங்கில் வீடெடுத்ததும் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கினேன். அதில் எந்தப் பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும் ஒரே பெட்டியில் வந்து விழும்படி வைத்திருந்தேன். லோரி வாடகைக்கு விடும் என் கணவர் குணாவுக்கு அது ஒரே குஷி, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகவரியாகக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் மெர்டேக்கா மாதம், மலேசிய சுதந்திர தினம் வரும் ஆகஸ்டில், வைரஸ் அஞ்சல்கள் கொட்டத் தொடங்கின. இல்லாத ஆட்களின் பெயருக்கெல்லாம் வந்தன. பெட்டி நிரம்பி, உண்மையான அஞ்சல்கள் திரும்பிப் போயின.

"மாலா, நம்ம லோரி எடுக்குற முதலாளி, அந்தத் தவுக்கே, போன் அடிச்சு கத்துறாரு லா. மெயில்ல ஓடர் அனுப்புனா திரும்பி வருதாம். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற லோரி பாத்துக்குவாராம்" என்றார் குணா.

"கண்ட பேரையெல்லாம் குடுத்தது யாரு?"

"நீதானே சொன்ன, எந்தப் பேருக்கு அனுப்புனாலும் வரும்னு!"

ஞாயிறு மதியம் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன். குணா வெளியே காரைக் கழுவி, சின்னக் கொடி ஒன்றை ஜன்னலில் செருகிக்கொண்டிருந்தார். வரிசையாக அழித்துக்கொண்டு வந்த விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பெறுநர் பெயர், இளவெயில்.

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயர் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய வருடம் நான் கர்ப்பமாக இருந்தபோது, ஒரு சாயங்காலம் தெங்கேரா சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, காருக்குள்ளேயே முடிவு செய்த பெயர் அது. "ஸ்கூல்ல டீச்சர் இவ பேரத் திக்கித் திக்கிக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ரீசஸ் மணி அடிச்சுரும்" என்று குணா சிரித்தார். பிறந்து காதில் சொல்லும் வரை பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

அனுப்புநர் இடத்தில் என் முகவரியே இருந்தது. அதில் அதிசயமில்லை, வைரஸ்கள் அனுப்புநரைப் பொய்யாகப் போடும். திறந்து பார்க்க ஒரு கோப்பும் இணைப்பாக இருந்தது. மற்ற அஞ்சல்களில் எல்லாம் வைரஸ் சோதனை மென்பொருள் எச்சரிக்கை ஒட்டியிருந்தது, இதில் ஒட்டவில்லை. புது வைரஸாக இருக்கும் என்று நினைத்தேன், புதியவற்றை அது முதலில் தவறவிடும்.

குணாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து திரையைப் பார்த்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. தொறந்து பாரேன்" என்றார்.

"வைரஸுங்க. உங்க ஓடர் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

"சரி, தொறக்க வேணாம். அவ பேருக்குத் தனியா ஒரு பெட்டி போட்டு வையேன்."

"இல்லாத ஆளுக்குப் பெட்டி வெச்சா குப்பைதான் வரும்."

அவர் போய், ஏற்கெனவே கழுவிய காரை மறுபடியும் கழுவினார். நான் அந்த அஞ்சலை அழித்தேன். குணாவின் வாடிக்கையாளர் முகவரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எந்தப் பெயருக்கும் அஞ்சல் வராதபடி கதவை அடைத்தேன். தவுக்கேயின் ஓடர்கள் ஒழுங்காக வந்தன. செய்தது சரிதான், இன்று வேறு யாருக்கு யோசனை சொன்னாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த இணைப்பில் என்ன இருந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பல வருடம் கழித்து, குணாவிடம் சொல்லாமல், இளவெயில் பெயரில் ஒரு பெட்டி திறந்தேன். எங்கள் டொமைனில் எந்த முகவரியைத் திறந்தாலும் ஒரு வாரத்துக்குள் குப்பை வந்து சேரும். மருந்து விற்பவன், பரிசு விழுந்தது என்பவன், வைரஸ், ஏதாவது ஒன்று வரும்.

அதற்கு மட்டும் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறு மதியமும் திறந்து பார்க்கிறேன். ஒரு குப்பைகூட இல்லை.