ராக்கெட்டுக்கு முன்னால் போன வால்

சைக்கிள் கிளப்பில் எல்லோரும் அவரை வால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டை செய்வார் என்பதற்காக இல்லை. எந்தப் பந்தயமானாலும் கூட்டத்தின் கடைசியில் தொங்கிக்கொண்டு போவார், அதற்காக. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வால் இல்லாத மாடு ஈ ஓட்ட முடியாமல் படும் பாட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, தானே முதலில் சிரித்துவிடுவார்.

பிழைப்பு லிப்ட் பழுது பார்ப்பது. லிப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இருட்டில் வேலை செய்யும்போது அவருக்கு ஒரு குழப்பமும் வராது. மேலே, கீழே, இரண்டே திசைதான். வெளியே வந்தால்தான் வம்பு. ஒருநாள் தன் வீட்டு மாடிக்குப் பதிலாகக் கீழ்மாடியில் இறங்கி, அடுத்தவர் கதவில் சாவியைப் போட்டுத் திருகோ திருகென்று திருகி, “பூட்டு கெட்டுப்போச்சு போலிருக்கு” என்று, கதவைத் திறந்த அந்த வீட்டுக்காரரிடமே குறைபட்டுக்கொண்ட மனிதர்.

சைக்கிளுக்கு அவர் வந்ததும் ஒரு லிப்ட் வழியாகத்தான். பல் டாக்டர் ஒருவர் தன் பந்தய சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தி லிப்டுக்குள் ஏற்றப்போய், அது நடுவழியில் நின்றுவிட்டது. வால் அண்ணன் கதவை நெம்பித் திறந்தபோது டாக்டர் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி வியர்த்து நின்றாராம். வெளியே இழுத்துவிட்ட நன்றியில், “ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புக்கு வாங்கண்ணே, ஜாலியா இருக்கும்” என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. இவர் மறு ஞாயிறே ஒரு பழைய சைக்கிளோடு வந்து நின்றார். லிப்டுக்குள்ளேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமோ என்று டாக்டருக்கு அதன்பிறகு பலமுறை தோன்றியிருக்கிறது. ஏனென்றால் கிளப்பில் நடுவர் அவர்தான். மணி, விசில் எல்லாம் அவர் கையில்தான்.

பந்தயம் நெடுந்தூரம் போகாது. குடோன்கள் வரிசையாக நிற்கும் தெருக்களைச் சுற்றி ஒரு வட்டம். ஞாயிறு காலையில் லாரி வராது என்பதால் அங்கே. அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: முதலில் போகிறவர் ஒரு முழுச் சுற்று மிஞ்சிவந்து, பின்னாலிருந்து உங்களைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. டாக்டர் விசில் ஊதுவார். ஓரமாக இறங்கி நிற்க வேண்டியதுதான். வால் அண்ணன் இதுவரை ஓட்டிய எல்லாப் பந்தயத்திலும் விசில். ஒன்றைக்கூட முடித்ததில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தன்று டாக்டர் கையில்லாத ஓர் ஆரஞ்சுச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கும் முடிக்கலேன்னா அடுத்த வருஷம் ஓட்டுறதுக்கு உங்களுக்கு நம்பர் தர முடியாதுன்னு கமிட்டில சொல்லிட்டாங்க. இதைப் போட்டுக்கிட்டு திருப்பத்துல கொடி பிடிச்சு நில்லுங்க. அதுவும் முக்கியமான வேலைதான்.”

ஒரு வேலையை முக்கியமானது என்று யாராவது தேடிவந்து சொன்னால், அதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இது வால் அண்ணனுக்குத் தெரியும். “பாப்போம் டாக்டர்” என்று மட்டும் சொன்னார். சட்டையை வாங்கவில்லை.

வீட்டில் இந்தச் செய்தி எப்படியோ முதல்நாளே கசிந்திருந்தது. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் மனைவி, “மேலயும் கீழயும் போறதுதான் உங்க தொழில். இப்படி வட்டம் போட்டு என்னத்தைக் கண்டீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவருடைய பந்தயச் சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். பத்தாவது படிக்கும் மகள், “விடும்மா. கொடி பிடிச்சா நிழல்லயாவது நிக்கலாம்” என்றாள். வால் அண்ணனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மகளாயிற்றே, சிரித்துவைத்தார்.

பந்தயம் தொடங்கியது. தொடங்கியதும் ராக்கெட் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்தான். ராக்கெட் கூரியர் கம்பெனியில் பொட்டலம் கொண்டு கொடுக்கும் பையன். வாரம் முழுக்க சைக்கிளில்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அடங்க மாட்டான். அவன் தனியாகப் பறக்க, மற்றவர்கள் கூட்டமாகத் துரத்த, கூட்டத்தின் கடைசியில் வால் அண்ணன் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டு போனார். முன்னால் போகிறவரின் முதுகை மட்டும் பார்த்தால் போதும். வழியும் தெரியும், காற்றும் அடிக்காது.

பெயின்ட் குடோன் திருப்பத்தில் ஒருவர் சறுக்கி விழுந்தார். வால் அண்ணன் பிரேக்கை இறுக்கி, ஒதுங்கி, “அடிபட்டுச்சா?” என்று கேட்டு, விழுந்தவர் “போங்கண்ணே, போங்க!” என்று கத்தி, இவர் நிமிர்ந்து பார்த்தால் முன்னால் முதுகே இல்லை. வெறும் ரோடு.

அங்கேதான் குழப்பம் பிடித்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. எத்தனையாவது சுற்று என்பதும் மறந்துபோனது. மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். குடோன் சந்துகளின் வழியாக அந்தப் பக்கத்து ரோட்டில் கூட்டம் ஓடுவது தெரிந்தது. அவர்கள் தனக்கு முன்னால் போகிறார்களா, பின்னால் வருகிறார்களா? வட்டத்தில் ஓடினால் இதுதான் தொல்லை. முன்னால் போகிறவன் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் பின்னால் வந்துவிடுகிறான்.

ஆரம்பக் கோட்டை நெருங்கியபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தன் மனைவியைப் போலவே ஒருத்தி நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில் தன் மகளைப் போலவே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா! அப்பா! நீதாம்ப்பா ஃபர்ஸ்ட்!”

அவர்களேதான். இதுநாள் வரை ஒரு பந்தயத்துக்கும் வராதவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்கள். அதுவும் மகள் தூங்கி வழிந்ததால் பாதிப் பந்தயத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: அப்பா தனியாக வருகிறார், அவருக்குக் கொஞ்ச தூரம் பின்னால், எல்லோரும் பேர் சொல்லிக் கத்தும் ராக்கெட், நாக்குத் தள்ள வருகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“நிஜமாவா?” என்று சைக்கிளில் இருந்தபடியே கேட்டார் வால் அண்ணன்.

“பேசாம மிதிங்க!” என்றாள் மனைவி.

அந்த நொடியில் டாக்டர் மணியை அடித்தார். கடைசிச் சுற்று மணி. அது ராக்கெட்டுக்காக அடித்தது. ஆனால் முதலில் கோட்டைத் தாண்டியது வால் அண்ணன். மணி தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? ஒருவேளை விழுந்தவரோடு கூட்டமே சரிந்துவிட்டதோ? ஒருவேளை எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றுவிட்டார்களோ? இருக்காது. ஆனால் மகள் பொய் சொல்ல மாட்டாள். சொல்வாள், தினமும் சொல்வாள், ஆனால் இந்தக் குரலில் சொல்ல மாட்டாள்.

உயிரைக் கொடுத்து மிதித்தார். தொடை எரிந்தது, மூச்சு நாய்க்குட்டி மாதிரி கத்தியது. பெயின்ட் குடோன் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தார். ராக்கெட் நெருங்கியிருந்தான். கடைசி நீள ரோட்டில் அவன் சக்கரச் சத்தமே காதில் விழுந்தது. டாக்டர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். ஒரு சைக்கிள் நீளம். அவ்வளவுதான் இடைவெளி. வால் அண்ணன் முதலில் கோட்டைத் தாண்டினார், அவருக்குப் பின்னால் ராக்கெட்.

விசில் உதட்டிலேயே நின்றது. ராக்கெட் கைகளை உயர்த்தினான். வால் அண்ணனும் உயர்த்தினார். மகள் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடிவந்தாள். மிதிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு காலைக் கீழே ஊன்றப் போனார் வால் அண்ணன்.

“தம்பி,” என்றார் மூச்சிரைக்க, பக்கத்தில் வந்த ராக்கெட்டிடம். “நான் முதலாவதாவா வந்தேன்?”

ராக்கெட் அவரைப் பார்த்தான். சிரிக்கக்கூட மூச்சில்லை அவனிடம். “அண்ணே… நான் முடிச்சிட்டேன். நீங்க எனக்கு ஒரு சுத்துப் பின்னாடி இருக்கீங்க. கடைசி.”

“கடைசியா? உனக்கு முன்னாடில்ல வந்தேன்?”

“அதான்ணே சொல்றேன்! நான் உங்களைத் தாண்டல. நீங்க இன்னும் ஆட்டத்துல இருக்கீங்க. காலைக் கீழ வச்சுத் தொலைக்காதீங்க, போங்க! இன்னும் ஒரே சுத்து!”

அவருக்குப் பாதிதான் புரிந்தது. முதலாவது இல்லை என்பது புரிந்தது. அது ஒரு குத்து குத்தியது. மகள் வேறு எதிரே நின்றாள். ராக்கெட் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. முகம் சுண்டிப்போயிருந்தது.

“என்னப்பா, போறியா?” என்றாள்.

ஊன்றப்போன காலை அவர் திரும்பப் பெடலில் வைத்தார்.

அந்தச் சுற்றில் அவரைத் தவிர யாரும் இல்லை. பாதி வட்டம் போவதற்குள் மற்றக் கூட்டம் கோட்டைத் தாண்டிப் பந்தயத்தை முடித்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அந்தப் பக்கத் திருப்பங்களில் கொடி பிடித்தவர்கள் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். தடுப்பை விலக்கிவிட, ஒரு சரக்கு வேன் உள்ளே வந்து அவருக்கு ஹாரன் அடித்தது. “பந்தயம் நடக்குது!” என்று கத்தினார் வால் அண்ணன். டிரைவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், “யாரோட?” என்று கேட்டார். வால் அண்ணன் வேனைச் சுற்றிக்கொண்டு போனார்.

கோட்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நடு ரோட்டில் மகள் இரண்டு கையையும் விரித்து நின்று, “எங்கப்பா இன்னும் வரணும், யாரும் எதையும் தொடாதீங்க!” என்று டாக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர், “பாப்பா, நான் எதையும் தொடலம்மா” என்று பின்வாங்கினார். வால் அண்ணன் அவளை உரசாமல் ஒதுங்கிக் கோட்டைத் தாண்டி, நடைபாதையில் சாய்ந்து, சைக்கிளோடு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்து கைகொடுத்தார். “அடுத்த வருஷமும் நம்பர் வாங்கிக்கோங்கண்ணே” என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது.

“நீ ஏன் ஃபர்ஸ்ட்டுன்னு கத்தின?” என்று மகளிடம் கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? பாக்க அப்படித்தான் இருந்துச்சு.” தன் துப்பட்டாவால் அவர் நெற்றியைத் துடைத்தாள். அழுத்தித்தான் துடைத்தாள், பாத்திரம் தேய்ப்பதுபோல்.

மனைவி அதற்குள் தன் தம்பிக்கு போன் போட்டிருந்தாள்.

“மாமா முதல்ல வந்தாருடா… இல்ல, முதல்ல வந்த பையனுக்கு முன்னாடி வந்தாரு… இல்லடா, பரிசு அவனுக்குத்தான்… மாமா கடைசி… டேய், நான் ஒழுங்காத்தான் பேசுறேன்! எனக்கும் ஒண்ணும் விளங்கல. முடிச்சிட்டாரு, அவ்வளவுதான். வை போனை.”