மாமா வீட்டு வாசலில் விழுந்த புளியமரம்

என் தாய்மாமன் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு வயது பதினேழு. ஆறப்போடு, விட்டுத்தள்ளு என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மண்டையில் யாரும் ஆணி அடிக்கவில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும்.

பதினாறு வயதில் நான் செய்த குற்றம் இவ்வளவுதான்: மாமாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு அப்போது முப்பது. எனக்குப் பண்ருட்டிக்கு பஸ்ஸில் போய் மேலே படிக்க ஆசை. சொந்த அக்கா மகளே வேண்டாம் என்றால் ஊர் சிரிக்காதா? அந்தச் சிரிப்புக்குப் பயந்து மாமா ஒரு கதை கட்டினார். என் அம்மாவிடம் வந்து, "அவ பேசலக்கா. அவ மேல ஏறியிருக்கறது பேசுது" என்றார். அம்மா தம்பி சொன்னதை நம்பினாள். தம்பி சொன்னால் பகலில் நட்சத்திரம் தெரிகிறது என்றாலும் அண்ணாந்து பார்ப்பாள்.

மாமா வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு பெரிய புளியமரம். என்னை அதன் கீழே உட்கார வைத்தார்கள். பேயோட்டுகிறவன் உடுக்கை அடித்தான், வேப்பங்குழையால் என்னையும் அடித்தான். என் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து மரத்தோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். முடியை அறுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். பேய் மரத்தில் தங்கிவிடுமாம். ஆணி அடித்த சுத்தியல் மாமா கையில் இருந்தது. என் இரண்டு காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது என் அம்மா.

பேய் போன பிறகும் நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். "பேய் புடிச்சவள எவன் கட்டுவான்?" என்று சொல்லிவிட்டு மாமா வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார். அவர் மானம் பிழைத்தது. எனக்கு ஊரில் 'ஆணி அடிச்ச பொண்ணு' என்று பெயர் நிலைத்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு, கடலூரிலிருந்து இரண்டு வீடு. காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். யாரோ தெருமுனையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

கடைசியில் 2004இல் சேத்தியாத்தோப்பில் லேத் பட்டறை வைத்திருந்தவர் ஒருவர் பெண் பார்க்க வந்தார். பேய்க் கதையை நானே சொன்னேன். "நான் வெல்டிங் போடறப்ப ராத்திரி பகல்னு பாக்காத ஆளு. பேய் வந்தா ஒரு கை புடிக்கச் சொல்லுவேன்" என்றார். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கமே பட்டறையை மாற்றிக்கொண்டு வந்தவர், பெயிண்ட் போன ஒரு பழைய டிராக்டரை வாங்கினார். உடைத்துப் போட்ட ஜீப்பிலிருந்து ஆக்சில், மூடிப்போன ரைஸ் மில்லிலிருந்து பட்டை பெல்ட், ஆங்கிள் இரும்பில் ஒரு மேஜை, நடுவில் சோளத்தட்டை வெட்டுவதுபோல் கட்டையை வெட்டித் தள்ளும் வட்ட ரம்பம். டிராக்டர் ஓடினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் ரம்பம் சுற்றும். முந்திரி வறுக்கும் ஷெட்டுகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் விறகு அறுத்துப் போட்டோம். அவர் கட்டையைத் தள்ளுவார். டிராக்டர் மேல் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை.

அந்த வண்டிக்கு சைலன்சர் என்று பெயருக்கு ஒரு குழாய் இருந்தது. ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். எனக்கு அது பழகிவிட்டது. வாயைப் பார்த்தே முழுசாகப் புரிந்துகொள்வேன். இதை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை.

2011 கடைசியில் 'தானே' புயல் வந்தது. ஒரே காலையில் முந்திரியும் பலாவும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மரம் அறுக்கும் மரவாடிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. கரண்ட் வேண்டாத எங்கள் மெஷினுக்குத்தான் ஜாஸ்தி கிராக்கி. எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள்.

மாமாவும் வந்தார். மொபெட்டில் பின்னால் என் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் புளியமரம் அவர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. தை மாதம் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தல் போட இடமில்லை. விறகு வெட்டிகள் மரத்தைத் தொட மாட்டேன் என்றார்கள். பொக்லைன்காரன் பாதி வழி வந்து, விஷயம் கேட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். உள்ளே பேய் இருக்கிறதே! அதைவிட மோசம், அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் காய்ச்சல். வயசுக்கு வந்த புள்ள, மரம் சாஞ்சிடுச்சு, உள்ள இருந்தது எங்க போச்சோ என்று தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"எப்படியாச்சும் அறுத்துக் குடும்மா" என்றார் மாமா.

"அதுல பேய் இருக்கே மாமா. நீங்கதான அடிச்சி வச்சீங்க?"

"அதெல்லாம் பழைய கத. அதப் போயி இப்ப…"

"உங்களுக்குப் பழசு. நான் தெனம் தல வாரிக்கிறேன்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "நீ சும்மா இரும்மா" என்றேன். மாமாவிடம் ஒரே நிபந்தனை சொன்னேன். ஊர்க்காரர்கள் பார்க்க, மரத்துக்குப் பக்கத்தில் நின்று, பேய் இல்லை, தான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அறுப்பேன்.

உள்ளே போனதும், "பாவம், அந்தப் புள்ளைக்காவது விட்டுக் குடேன்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெண் மேல் எனக்குப் பகை இல்லை. பேச்சு எப்படிப் பரவும், காபி எப்படிப் பாதியில் நிற்கும் என்று அவளைவிட எனக்குத் தெரியும். அவள் அப்பா வாயாலேயே பேய் இல்லை என்று சொன்னால் அவளும்தான் தப்பிப்பாள். ஆனால் நான் கேட்டது அவளுக்காக இல்லை, எனக்காக.

வேறு வழியில்லாமல் மாமா அன்றைக்கு ராத்திரியே சரி என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். தெருவே வந்திருந்தது, ஆனால் எல்லோரும் இருபது அடி தள்ளி. வீட்டுக்காரர் பெல்ட்டை மாட்டினார். "ஆணி எங்கன்னு பாத்து சொல்லு, ரம்பம் பட்டா பல்லு தெறிச்சிடும்" என்றார். மரத்தைச் சுற்றித் தேட வேண்டியிருக்கவே இல்லை. சாய்ந்து கிடந்த மரத்தின் வேரடியிலிருந்து, உட்கார்ந்திருக்கும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் உச்சி உயரம் அளந்து பட்டையைச் சுரண்டினேன். துருப்பிடித்த தலை தெரிந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு டிராக்டரில் ஏறிக் கிளப்பினேன்.

மாமா பக்கத்தில் வந்தார். அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. வண்டிச் சத்தத்தில் முணுமுணுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்.

"பேய் இல்ல" என்று வாய் அசைந்தது.

"கேக்கல மாமா!"

"பேயெல்லாம் இல்லம்மா!"

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ரம்பம் வீறிட்டது. "ஒண்ணுமே கேக்கல!"

மாமா கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்த பாக்கைத் துப்பினார். வேட்டியை இறுக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். முழு வேகத்தில் வைத்தேன். அவர் பொய்யை முதல் வார்த்தையிலிருந்து அவிழ்க்கிறார் என்று அவர் உதட்டில் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்டாப் கம்பியை இழுத்தேன்.

வண்டி செத்தது.

"...என்னை வேணாம்னு சொல்லிட்டா! அந்த மானக்கேட்டுக்கு நாந்தான் பொய் சொன்னேன்! அவ மேல பேயும் இல்ல ஒண்ணும் இல்ல!"

நிறுத்த முடியாமல் கத்தி முடித்தார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ரம்பம் மட்டும் மெதுவாகச் சுற்றி நின்றது. நான் மாமா முகத்தை நிதானமாகப் பார்த்தேன். பதினேழு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து என் அம்மா வெளியே வந்தாள். தள்ளி நிற்கவில்லை, நேராக மரத்தின் அருகே வந்தாள். சாக்பீஸ் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எதுக்குடா என்னை அவ கால புடிச்சிக்கச் சொன்ன?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் சாவியைத் திருப்பினேன். அந்த வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியதே கிடையாது. அன்றைக்குக் கிளம்பிவிட்டது.