ஓடும் பேருந்திலிருந்து இட்லி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், நானும் என் கணவரும் ஓசூரில் குடியிருந்தோம். இருவருக்கும் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அவருக்குச் சூளகிரி அருகே நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை. வந்த முதல் வாரமே ஓசூர் எனக்குப் பிடித்துப்போயிற்று. மின்விசிறி போடாமல் தூங்கலாம். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் கன்னடத்தில் கேட்பாள், இன்னொருத்தி தெலுங்கில் பதில் சொல்வாள், நான் தமிழில் சண்டைக்குப் போவேன். எல்லாருக்கும் எல்லாம் புரியும். ஊரிலிருந்தால் மாமியார் வீட்டு மூன்று மருமகள்களில் கடைசி ஆளாக மாவாட்டிக்கொண்டிருப்பேன். இங்கே நான் டீச்சர். ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அவருக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேன்டீன் சாம்பார். கேன்டீன்காரர் பெங்களூர்ப் பக்கத்து ஆள், சாம்பாரில் வெல்லம் போடுவார். காலை எட்டு மணி டிபனுக்கே அதுதான். நம்மவருக்கு நாக்கு நீளம். இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

ஒருநாள் சொல்லிவிட்டார். "எனக்கு இந்த ஊரு ஒத்து வரல. இந்த ஒரு மாசம் பாப்பேன். இல்லைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நம்ம ஊருக்கே போயிருவோம்."

ஒரு சாம்பாருக்காக நான் என் வகுப்பறையை விடுவதா? வீட்டு இட்லியும் மிளகாய்ப் பொடியும் தினமும் கிடைத்தால் மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவரைக் கம்பெனி வண்டி விடியுமுன்பே ஏற்றிக்கொண்டு போய்விடும். முன்கூட்டியே எழுந்து அவித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் நான்கு மணிக்கு எழுகிற ரகம் இல்லை.

வழி ஒன்று இருந்தது. நான் பள்ளிக்குப் போகும் பேருந்து, சரியாக அவருடைய டிபன் நேரத்தில் அந்தத் தொழிற்சாலை வாசலைக் கடக்கும். இடையில் எங்கும் நிற்காத வண்டி. ஆனால் அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மாற்றுப்பாதையில் திரும்பும்போது வேகம் குறையும். அவர் ஓரமாக நின்றால், நான் ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வீசிவிடலாம். இலையில் கட்டி, துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கி முடிந்தால் விழுந்தாலும் அடிபடாது.

முதல் நாள், சொல்லிவைத்தபடி நின்றவருக்கு நேராகப் பேருந்து வந்ததும், அவர் நெஞ்சைக் குறிபார்த்து வீசினேன். பை அவர் கைக்கு எட்டாமல் அவரைத் தாண்டிப் பறந்து, ஜல்லிக் குவியலில் விழுந்து, முடிச்சு அவிழ்ந்து சிதறியது. மறுநாள் இன்னும் பலமாக வீசினேன். அன்றைக்கும் அதே ஜல்லி.

மாலையில் வீட்டில் ரகளை. "பள்ளிக்கூட டீம்ல கிரிக்கெட் ஆடினேன்னு பீத்திக்கிட்டீங்களே, ஒரு பையைப் பிடிக்கத் தெரியலையா?" என்றேன்.

"நீ எங்கிட்ட போட்டாத்தானே பிடிக்க? நீ ஜல்லிக்குல்ல போடுற!"

அந்த வாரம் முழுக்க இட்லி மண்ணோடு மண்ணானது. கண்டக்டர் வேறு, "டீச்சரம்மா, இன்னிக்கும் நாய்க்குத்தானா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்.

அப்புறம் ஒரு மத்தியானம், பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஓடுகிற பொருள் தானாக நிற்காது, வேறு விசை ஒன்று தடுத்தால்தான் நிற்கும் என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். ஓடும் வண்டியிலிருந்து இறங்குகிறவன் வண்டி போகிற பக்கமாகவே விழுவான் என்று உதாரணமும் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்குகிறவனுக்கு ஒரு சட்டம், இட்லிக்கு ஒரு சட்டமா? என் கையை விட்டாலும் அந்தப் பை பேருந்தின் வேகத்தை விடவில்லை. நான் பக்கவாட்டில் வீச வீச, அது பேருந்தோடு சேர்ந்து முன்னாலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளைகள் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன். "நான் வீசவே வேண்டாங்க. உங்களுக்குப் பத்தடி முன்னாடியே சும்மா தள்ளி விட்டாப் போதும். மிச்சத்த பஸ்ஸே பாத்துக்கும்."

"அப்ப இத்தனை நாளா நீ புள்ளைகளுக்கு எடுத்த பாடம்?"

"அது பரீட்சைக்கு. இட்லிக்கு இல்ல."

மாற்றுப்பாதை ஓரத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த தார் டிரம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டிப் பத்தடியில் அவர் நின்றார். டிரம் என் ஜன்னலுக்கு நேராக வந்ததும் பையை வெளியே விட்டேன். அது அழகாக மிதந்து போய் அவர் நீட்டிய கையில் மோதியது. இரண்டடி பின்னால் தள்ளாடினார், ஆனால் பையை விடவில்லை. பேருந்தில் கைதட்டல். பேருந்து கொடுத்த வேகம் எங்கும் தொலையவில்லை, பையிலிருந்து அவருக்குக் கைமாறியிருந்தது. விறைப்பாகக் கையை நீட்டிப் பிடித்ததில் இட்லி உப்புமாவாகிவிட்டதாம். மறுநாளிலிருந்து பை கையில் பட்டதும் கையையும் அதோடு பின்னுக்கு இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தார். இட்லி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கிரிக்கெட் ஆடியது உண்மைதான் போலிருக்கிறது.

இப்படி நாட்கள் ஓடின. ஓட்டுநர் வேகமாக வந்தால் டிரம்முக்கு முன்னாலேயே விடுவேன், மெதுவாக வந்தால் தாண்டி விடுவேன். அவர் முகத்தில் கொஞ்சம் சதை போட்டது. ஆனால் ஊருக்குப் போகும் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. வாயைக் கொடுத்துப் பதிலை வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயம்.

மாதக் கடைசி நாளும் வந்தது. இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிடுவாரோ, நாளைக்கு இந்த ஜன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்களோ என்ற நினைப்பிலேயே இருந்தேன். டிரம் வந்தது, போனது. அவரும் இரண்டு கையையும் நீட்டியபடியே பின்னால் போனார். பை என் மடியிலேயே இருந்தது.

"டீச்சர், போடலியா!" என்று பேருந்தே கத்தியது. கண்டக்டர் விசில் ஊதி, ஓட்டுநரிடம் தெலுங்கில் "ஆபண்ணா, ஆபு!" என்றார். பிரேக் விழுந்ததும் எல்லாரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டோம். யாரும் திட்டவில்லை.

அவர் ஓடி வந்தார். "ஏன் போடல?" மூச்சு வாங்கியது.

அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது என்ன சொல்வது? "மறந்துட்டேன்" என்று பையை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஒழுங்காப் போடு. அப்புறம், நாலு இட்லி கூட வை. பக்கத்து மெஷின் ஆளுக்கு நம்ம பொடி ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், தெனமும் கேக்கறான்."

"நாளைக்கா?" என்றேன்.

"நாளைக்குந்தான். ஏன், மாவு தீந்துருச்சா?"

பேருந்து கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "என்னா ஆச்சு டீச்சரம்மா? வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லைங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நாளைக்கும் இட்லி அவிக்கணும்."