பரீதா டீச்சர் வளைத்த சாலை

வெள்ளிக்கிழமை காலை பரீதா டீச்சர் இறந்த செய்தியைச் சொல்ல அவர் மகன் அழைத்தார். "சார், அம்மா மவுத்தாயிட்டாக." காரைக்குடிப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பன்னிரண்டு ஆண்டுகள் என்னோடு கல்வெட்டு தேடி அலைந்தவர். நம் கல்வெட்டுக் குழுவில் அவரோடு வெயிலில் சுற்றிய உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கல்லின் கதை இருக்கும். என்னுடையது அவரிடம் நான் தோற்ற கதை. அதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

கொத்தமங்கலம் போகும் வழியில், ஊருணிக் கரை வேப்பமர நிழலில் இடுப்புயரக் கல் ஒன்று நின்றது. சாலையை அகலப்படுத்த மறுநாள் அதைப் பெயர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடினோம். ஊர்க்காரர்கள் பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுச் சுவரோடு அதற்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தேன். எழுத்து இருந்தால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். தாள் முழுக்கக் கறுப்பு. முப்பது வருட அனுபவத் திமிரில் குறிப்பேட்டில் 'எழுத்து இல்லை' என்று எழுதி நீட்டினேன்.

டீச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"இல்லைன்னு எழுதாதீக சார். எனக்குத் தெரியலைன்னு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் சட்டை செய்யவில்லை. தம் ஸ்கூட்டரின் கண்ணாடியைக் கழற்றி வந்து, மர நிழலுக்கு வெளியே நின்று, வெயிலைக் கல்லின் முகத்தில் பக்கவாட்டாகப் பாய்ச்சினார். சுண்ணாம்பு அடைத்து என் தாளுக்குச் சிக்காத பள்ளங்கள் மெல்லிய நிழலாகத் தெரிந்தன. "இங்குட்டு வந்து பாருங்க," என்றார். ஒரு வரி. அடுத்தது. மொத்தம் ஏழு வரிகள்.

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். திக்கித் திணறி வாசித்துச் சொன்னேன். "அப்ப நம்ம ஊருணிய வெட்டுனது ஒரு பொம்பளையா?" என்று கேட்டு ஒருத்தி குடத்தை இறக்கி வைத்தாள். மறுநாள் பொக்லைன் வந்தபோது கல்லைச் சுற்றி அவர்கள்தான் நின்றார்கள். சாலைதான் விலகிப் போனது.

நான் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீக. தப்பை அடிச்சுட்டுக் கீழ சரியாப் போடணும், அம்புட்டுதான்."

ஒரே கோடாக அடித்துவிட்டு எழுதினேன். பிறகுதான் கையெழுத்திட்டார்.

அந்தப் பக்கத்தை வைத்திருக்கிறேன். புதிதாகப் படியெடுக்க வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்: என் தப்பு, அதன் மேல் ஒரு கோடு, கீழே ஏழு வரிகள், பரீதா டீச்சரின் கையெழுத்து.