பின்சக்கரத்துத் தோல் வளையம்

‘டொட்’ என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டொட்’. வெயிலிலிருந்து கொட்டகைக்குள் நுழைந்த எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் கார் எந்த மூலையில் நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் எங்கோ எண்ணெய் தகரத்தில் சொட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் பழுது முதலில் காதுக்குத்தான் வரும். கண் பின்னால் போய் ஒப்புக்கொள்ளும்.

நான் ரயிலடியில் இராவேலைக்காரன். வண்டி வந்து நின்றதும் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து, சக்கரங்களைக் கோத்திருக்கும் அச்சான இருசுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். பதினெட்டு வருஷமாக இதே வேலை. பகலில் தூக்கம் பிடிக்காது. படுத்தால் எதையாவது நினைத்து மனசு கிடந்து உழலும். அதற்குப் பயந்தே எழுந்து திரிவேன். அப்படித் திரிந்த பகல்களில் கடிகாரம், தையல் மிஷின், கிணற்றுப் பம்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஊருக்கு மோட்டார் வந்தபோது அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிறர் வீட்டில் மல்லாந்து படுத்து, சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டுவதற்குள் வியர்த்துப்போன சகோதரர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும்.

தாகம்

மோட்டார் டவுனில் ஒரு பண்ணையாருடையது. ஓட்டுகிறவர் இசக்கி. என் வயதுதான் இருக்கும். அதே வீட்டில் நெடுநாள் வில்வண்டி ஓட்டியவர். மோட்டார் வந்ததும் பண்ணையார் மாடுகளை வயலுக்கு அனுப்பிவிட்டு, இசக்கியை மதுரையில் ஒரு மாதம் விட்டு ஓட்டப் பழக்கினார். மாட்டைத் தடவுகிற கையாலேயே இசக்கி மோட்டாரையும் தடவுவார்.

இடது பின்சக்கரத்திலிருந்து எண்ணெய் ஒழுகிற்று. அந்தச் சக்கரத்துக்குள்தான் பிரேக்கு இருக்கிறது. எண்ணெய் பட்டால் பிரேக்கு வழுக்கும், வண்டி நிற்காது. “இருசுக்கு எண்ணெய் எப்பப்ப விடுதீரு?” என்று கேட்டேன். “தெனமும் காலம்பற” என்றார். அதுவும் வில்வண்டிக்கு விடுகிற விளக்கெண்ணெய்! மாட்டுவண்டி இருசு திறந்து கிடப்பது. எவ்வளவு வண்டிமை போட்டாலும் தின்னும். மோட்டாரின் இருசோ மூடிய குழாய்க்குள் கிடப்பது. மிஞ்சினால் முட்டிக்கொண்டு வெளியே வரும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, ஒரு குச்சியில் கோடு கீறிக் கொடுத்து, “இதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது” என்றேன். இசக்கி குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கொலைகாரனைப் பார்க்கிற பார்வை.

“தாகத்துக்குக் குடுக்காம வேல வாங்குதது பாவம்லா வே?”

படத்தில் இருந்த வளையம்

மோட்டாரோடு ஓர் இங்கிலீஷ் புஸ்தகமும் வந்திருந்தது. ரயில் பெட்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் பழகியவன் நான். வார்த்தை வார்த்தையாகப் படிப்பேன்; வாக்கியமாகச் சேர்த்தால் அர்த்தம் கையை விட்டு ஓடிவிடும். அதனால் ஒழுகுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று படத்தைப் பார்த்தேன். குழாய் முடிந்து சக்கரம் தொடங்குகிற இடத்தில் ஒரு தோல் வளையம். அதன் உள்விளிம்பு உதடு மடித்ததுபோல ஒரு பக்கமாக வளைந்திருக்கும். எந்தப் பக்கம் என்று அந்தப் பொடிப்படத்தில் தெரியவில்லை.

சக்கரத்தைக் கட்டை வைத்து நெம்பித் தூக்கிக் கழற்றிப் பார்த்தால், பழைய வளையம் கருகின அப்பளம்போல் உதிர்ந்து கிடந்தது. அதிலும் பக்கம் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? ரயில் பெட்டி இருசுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வளையம் உண்டு. வெளியிலிருந்து வரும் புழுதியைத் தடுப்பது அதன் வேலை. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். “உதடு வெளிப்பக்கம் பாக்கணும்” என்று அடித்துச் சொன்னேன். புஸ்தகத்தை விளக்கிச் சொல்லப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாத்திமார் இருந்தார்கள். போய்க் கேட்க எனக்குக் கௌரவம் இடம் தரவில்லை. இசக்கி புஸ்தகத்தைப் பவ்யமாக மூடி வைத்தார்.

“நீரு சொன்னா சரிதான். நமக்கு மாட்டு வாய் எந்தப் பக்கம்னுதான் தெரியும்.”

தம்ளர்

வளையம் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, செய்ய வேண்டும். தோலை நனைத்து, உருண்டையான ஏதாவது ஒன்றின் விளிம்பில் அழுத்திக் கட்டிக் காயவிட்டால் உதடு மடிந்துவிடும். இருசின் கனத்துக்குச் சரியாக ஒரு பித்தளைத் தம்ளர் இருந்தது. அது பண்ணையார் வீட்டு அடுக்களைத் தம்ளர். எனக்கு மோர் வந்த தம்ளர்.

மோரைக் குடித்துவிட்டுத் தோலை மாட்டி, சணலால் இறுக்கி, கிணற்றடியில் வெயிலில் வைத்தேன். அது மாமிசம் என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லாத சைவ வீடு. பண்ணையாரின் மனைவி பின்வாசலுக்கு வந்தவர், தம்ளரையும் அதன் தலையில் தோலையும் பார்த்து நின்றுவிட்டார். “புளி போட்டுத் தேச்சுத் தந்திருதேன்மா” என்றேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை.

“நீரே கொண்டுபோயிரும். வண்டி ஒழுங்கா நின்னா கூலியோட சேத்தி; நிக்கலன்னா பிச்சை எடுக்க ஆவும்.”

வைக்கோல்

மூன்று நாள் சக்கரத்தடியில் வைத்த தகரம் காய்ந்தே கிடந்தது. நான்காம் நாள் பண்ணையார் கலெக்டர் கச்சேரிக்குப் புறப்பட்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொக்கிரகுளத்தில் ஓர் இறக்கம். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி பைய ஊர்ந்து போயிருக்கிறது. இசக்கி பிரேக்கை இழுத்தார்; மோட்டார் கேட்கவில்லை. நேரே வைக்கோலுக்குள் போய்த்தான் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பண்ணையாரின் சரிகைத் தலைப்பாகை வைக்கோலுக்குள் போய்விட்டது. கச்சேரி வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

மத்தியானம் இசக்கி என் வீட்டுக் கதவைத் தட்டினார். குச்சிக்கோட்டுக்கு மேல் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று இசக்கியம்மன் மேல் சத்தியம் செய்தார். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. கைப்பழக்கம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டேன். பண்ணையாரும் அப்படியே நினைத்திருக்கிறார். மாடும் போய், மோட்டாரும் போனால், ஐம்பதை நெருங்குகிற வயதில் அந்த மனிதர் எந்த வாசலில் போய் நிற்பார்? நடுரோட்டில் பண்ணையார் சொன்னதை இசக்கி எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

“ஏலே, மாட்டுக்கு அறிவு இருந்துது, தானா நின்னுது. ஒனக்கு அதுவும் இல்ல. ஞாயித்துக்கெழம கொட்டகச் சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

குச்சியும் கோடும்

சனிக்கிழமை மறுபடி சக்கரத்தைக் கழற்றினேன். மிஞ்சின எண்ணெயைக் காட்டி, “பாரும், இதுதான்” என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முதலில் குச்சியை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே இருந்தது. பிறகு வளையத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புழுதி வட்டமாகப் படிந்து, உதட்டைத் தாண்டாமல் நின்றிருந்தது. ஒரு துளி புழுதி உள்ளே போகவில்லை. வண்டி நிற்கும்போது ஒழுகாத எண்ணெய் மட்டும், ஓட்டத்தில் உள்ளிருந்து உதட்டைத் தூக்கிக்கொண்டு, பிரேக்கு முழுக்க நனைத்திருந்தது.

கிணற்றுப் பம்பில் எத்தனை தோல் போட்டிருக்கிறேன்! தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் உதடு பார்க்க வேண்டும். இங்கே தள்ளுவது உள்ளே இருக்கிற எண்ணெய். தினமும் புழுதியோடேயே மல்லுக்கட்டிய எனக்கு அது தோன்றவில்லை. வளையத்தை உருவி, வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவிட்டு, உதடு உள்ளே பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். இனி ஒழுகாது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் தெரியவும் தெரியாது. இசக்கியை அனுப்பிய பிறகு மோட்டார் சரியாகிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். என் பேரும் அப்படியே நிற்கும். பிரேக்கைத் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே நெடுநேரம் குத்தவைத்திருந்தேன். இசக்கி கொட்டகை வாசலில், சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு நின்றார்.

“சொல்லும்வே, எத்தன சொட்டு கூடியிருக்கு?”

முன்கட்டு

பண்ணையார் முன்கட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “ஐயா, இசக்கி எண்ணெய் கூட்டல. வளையத்தத் தப்பான பக்கமாப் போட்டது நான்” என்றேன். சொல்வதற்கு முன்னால் அது எவ்வளவோ நீளமான சங்கதிபோல் இருந்தது, சொன்னபோது அவ்வளவுதான். அவர் வெற்றிலையை வாயில் வைக்காமல் என்னையே பார்த்தார். ஊர் பார்க்க ஒருவனைத் திட்டியாயிற்று. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்திருக்கலாம்.

“அவன் இருக்கட்டும். நீரு இனி இந்த வாசல் பக்கம் வர வேண்டாம்.”

சாயங்கால வண்டி

ஒரு மாதம் கழித்து, வேலைக்கு வந்து எண்ணெய்ப் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தேன். வெளியே மோட்டார் வருகிற சத்தம். எந்த மோட்டார் என்று பார்க்காமலே தெரிந்தது. சீராக வந்து, இழுத்துப் பிடித்ததுபோல நின்றது. பண்ணையாரை ரயில் ஏற்றிவிட்டு இசக்கி தண்டவாளத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். இறக்கத்தில் இப்போது கல்லு மாதிரி நிற்கிறது என்றார். வளையம் தேய்ந்தால் தாமே மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டாராம். அந்த அம்மாள் கண்ணில் படாமல் ஒரு கொட்டாங்கச்சியில் தோலை மடிக்கிறாராம். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்காகப் பேசினீரே என்று ஏதாவது சொல்வார் என்று நானும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். மனுஷன்தானே. இசக்கி போகத் திரும்பியவர், நின்றார்.

“அம்மன் மேல சத்தியம் பண்ணுனேன், நீரு நம்பல. குச்சி சொன்ன பெறவுதான வே நம்புனீரு?”

பதினெட்டு வருஷ அனுபவம் என்பது பதினெட்டு வருஷம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம் என்று கற்றுத்தந்த அந்தப் பித்தளைத் தம்ளரில் எண்ணெயை மொண்டுகொண்டு, முதல் பெட்டியின் அடியில் குனிந்தேன்.