மேலே பார்க்கும் பிசாசுகள்

வெளியே நிஜச் சண்டை நடக்க, நாற்பது வயதில் நான் விரலளவு ஈயப் பிசாசுகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். மேசையில் படை நிறுத்தி ஆடும் விளையாட்டுக்காக லண்டன் தம்பி அனுப்பியவை. இன்னொரு பெட்டியைப் பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்து, ஞாயிறு மேசையில் போர் என்று சவாலும் விட்டாயிற்று. அடித்தட்டில் கடற்கரை மணல் ஒட்டிவிட்டேன், கண்கள்தான் தீட்ட வரவில்லை.

குருநகரில் மாதா கோயில் சுரூபங்களுக்குக் கண் தீட்டுபவரிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர். தூரிகையை நாக்கில் கூராக்குவதால் உதடெல்லாம் நீலம்.

திரும்பக் கிடைத்த பிசாசுகள் எல்லாம் மேலே பார்த்துக் கெஞ்சின.

"என்ன அண்ணை, உதுகள் ஏன் இப்பிடிப் பாக்குதுகள்?"

"தம்பி, நான் மிக்கேல் சம்மனசின்ரை காலுக்குக் கீழைதான் பிசாசு கீறுறன். மிதிபடுறது வேறை எப்பிடிப் பாக்கும்?"

வானதூதரின் காலடியில் அல்லாமல் நிமிர்ந்து நிற்கும் பிசாசை அவர் கண்டதே இல்லையாம். தெருவெல்லாம் துவக்குகள் நிமிர்ந்து திரிந்த அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அது எப்படிச் சாத்தியமென்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ஞாயிறன்று வாத்தியார் என் படையைக் குனிந்து பார்த்தார். "உவை சண்டைக்கே வந்தவை? பாவம், முதல்லை தேத்தண்ணி குடுங்கோ."