தட்டு மாற்றும் முன் காதில் சொன்னது

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசுவதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அவ்வளவு தாழ்ந்த குரல். நம் பக்கத்தில் நாலு பேர் நடுவில் ஒருவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவர் முகம் மாறிவிடும். இங்கே குரலை உயர்த்தினால்தான் மாறுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுத் திருமதி பென்சன் தேநீருக்கு அழைத்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். எனக்கு வயிறு கலங்கியது. மகனின் காதருகே குனிந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். நிமிர்ந்தால் திருமதி பென்சன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைப் பற்றி அல்ல, கழிப்பறையைத்தான் கேட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். நான் ஏன் பதறுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. கேக் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வருந்தினார். பிறகு மாடியைக் காட்டினார். அவ்வளவுதான்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்.

நாடு விடுதலை பெற்று நாலைந்து வருஷம் இருக்கும். புதுக்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்தேன். தம்பி மகனுக்கு நிச்சயம் செய்யக் கந்தர்வக்கோட்டைக்குப் போனோம். பெண் சரஸ்வதி, முந்திரித் தோப்புக்காரர் மகள். கன்னத்தில் பழைய தீக்காயத் தழும்பு உண்டு. அதை அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்களும் சம்மதித்திருந்தோம். வெற்றிலைத் தட்டு மாற்றுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் ஏதாவது பேசவேண்டியிருந்தால், "கலந்துக்கிட்டு வாரோம்" என்று சொல்லி எழுந்து வெளியே போகவேண்டும். பையன் வீட்டார் உட்கார்ந்த இடத்திலேயே காதைக் கடித்தால், பெண்ணிடம் குறை கண்டார்கள் என்று பொருள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வயிறு பொறுக்கவில்லை. தம்பியின் காதில் சொன்னேன். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் சரஸ்வதி சபையை வணங்க வந்து நின்றாள்.

அவளுடைய தாய்மாமன் கேட்டார்: "என்னங்க காதுக்குள்ள? சபையில சொன்னா நாங்களும் சேந்து சிரிப்பமுல்ல."

"ஒண்ணுமில்லைங்க. எங்க சொந்த விஷயம்" என்றேன்.

"எங்க புள்ள வந்து நிக்கிறப்பத்தான் ஒங்களுக்குச் சொந்த விஷயம் வந்துச்சாக்கும், வாத்தியாரே?"

பெண்கள் நிறைந்த சபையில், கொல்லைப்பக்கம் போகவேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் சொல்வதா? வாயை மூடிக்கொண்டேன். தம்பியும் அண்ணனின் மானத்தைக் காத்தான். மாமன் தட்டை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார். சரஸ்வதி முந்தானையை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.

தம்பி மகனுக்கு அடுத்த தையில் வேறிடத்தில் முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. பையன் வீட்டார் காதோடு ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு வரனையும் வாசலோடு திருப்பிவிட்டது. தஞ்சாவூர் பஸ் அந்த ஊரில் நிற்கும்போதெல்லாம், இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நான் கப்பல் ஏறிய வருஷமும் அவள் தகப்பன் வீட்டில்தான் இருந்தாள்.

இதைப் படிக்கும் கந்தர்வக்கோட்டைக்காரர் யாராவது அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது. அதுவும் கோழைத்தனம்தான். இன்று காலை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "அம்மா சரஸ்வதி, நாங்க ஒன்னயப் பத்தி எதுவும் பேசலம்மா."

அடுக்களையிலிருந்து என் ஆங்கிலேய மருமகள், கைகளைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னையா கூப்பிட்டீர்கள்?" என்று அவள் மொழியில் கேட்டாள்.